தீயணைப்பு வண்டிக்குள் ஒரு பழுப்புப் பாம்பு

எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். எடுத்தால், மறுமுனையில் இருப்பவர் நலம்கூட விசாரிக்காமல், "நோலீன் இருக்காளா? சீக்கிரம் கூப்பிடு!" என்பார். அந்தக் குரலை வைத்தே பாம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கிசுகிசுத்தால் அதே அறையில் இருக்கிறது. கத்தினால் பேசுகிறவர் மேஜைமேல் ஏறி நிற்கிறார். நிதானமாகப் பேசினால் பாம்பு பக்கத்து வீட்டில் இருக்கிறது.

நோலீன் என் மனைவி. எங்கள் ஊர் விராபூலின் பள்ளிக்கூடத்துப் பேருந்தை ஓட்டுகிறவள். பாம்பு பிடிப்பது அவளுடைய இன்னொரு வேலை. அவள் கணக்கில் அது வேலை, என் கணக்கில் அது சனியன். நான் டெஸ். கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவன், கோடையில் ஊர்த் தீயணைப்பு வண்டிக்கு டிரைவர். எனக்குப் பாம்பு என்றால் பயம். வெட்கப்படாமல் சொல்கிறேன், தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் வளைந்து கிடந்தாலே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன்.

அவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததே பேருந்து நிறுத்தத்தில்தான். ஒரு வறட்சிக் கோடையில் நிழற்குடைப் பலகைக்கு அடியில் ஒரு பழுப்பு சுருண்டு கிடந்தது. எங்கள் பக்கம் அதைப் பழுப்பு என்றுதான் சொல்வோம், முழுப்பெயர் சொல்ல நேரம் இருக்காது. பிள்ளைகளை இவள் வண்டிக்குள்ளேயே வைத்துக் கதவை மூடிவிட்டாள். எதிர்ப்பண்ணைக்காரர் மண்வெட்டியோடு வீரமாக வந்தார். முதல் வெட்டு தரையில் விழுந்தது. இரண்டாவது வெட்டுக்கு அவர் கையை ஓங்குவதற்குள் பாம்பு அவர் முழங்காலில் ஏறிக் கடித்துவிட்டு இறங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கால் பழைய கால் இல்லை. எங்கள் ஊரில் கடிபட்டவர்களில் பாதிப் பேர் கையில் மண்வெட்டியோடுதான் விழுந்திருக்கிறார்கள். இருந்தாலும் பாம்பைக் கண்டதும் எங்கள் ஆட்களின் கை தானாக அதைத்தான் தேடும்.

"அது போற போக்குல போயிருக்கும் டெஸ். அந்த மனுஷன் போய் வம்பு இழுத்தாரு" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். அடுத்த மாதமே பயிற்சிக்குப் போய் உரிமம் வாங்கி, ஒரு நீளக் கொக்கியும் நாலைந்து துணிப்பைகளும் ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொண்டுவந்து கொட்டகையில் மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கையே மாறிப்போனது. கடையில் முட்டை வாங்கப் போனால் யாராவது வழிமறித்து, தன் கோழிக்கூண்டில் பார்த்த வாலை அளந்து காட்டுவார்கள். கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவாள். கூலி வாங்க மாட்டாள் என்பதால் ஊரார் எலுமிச்சைப் பழமும் கேக்கும் ஆட்டுத்தொடையுமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். எலுமிச்சைக் கூடையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு பழமும் அவள் உயிரைப் பணயம் வைத்து வாங்கியதல்லவா?

அவள் போனால் திரும்பி வரும்வரை நான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பேன். தேநீர் போடுவேன், குடிக்க மாட்டேன். அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொள்வேன். அவளும் தெரியாத மாதிரி, "பேப்பர தலைகீழா பிடிச்சிருக்க, கிழவா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள்.

மூன்று முறை கடிபட்டாள். முதல் இரண்டும் மருந்தோடு போயின. மூன்றாவது போன இலையுதிர் காலத்தில், பண்ணையில் தனியாக இருக்கும் ஆட்டரி அம்மாள் வீட்டுச் சலவை அறையில். பென்சில் கனம்கூட இல்லாத குட்டி. விஷம் இறங்கினதே தெரியவில்லை, ஆனால் உதடு வீங்கியது, தொண்டை அடைத்தது, மூச்சு வாங்க முடியாமல் என் கண் முன்னால் நீலம் பாரித்துப்போனாள். பெண் டாக்டர் பிறகு என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள்: "அவங்க உடம்புக்கு இப்ப இந்த விஷமே ஒத்துக்கல. இனி ஒரு துளி போனாலும் பாம்பு கொல்ல வேண்டாம், உடம்பே கொன்னுடும். நிமிஷக் கணக்குதான்."

அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் நோலீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, விட்டுட்டேன். இனி போகமாட்டேன். போதுமா?" என்றாள். போதும் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் கேட்டதில்லை.

மறுபடி அப்படி மூச்சடைத்தால் உடனே குத்துவதற்கு வீட்டில் இரண்டு அட்ரினலின் ஊசிகள் வாங்கி வைத்தோம். கொக்கி கொட்டகையிலேயே தொங்கியது. வேறு பாம்பு பிடிக்கிறவர் என்றால் பெரிய ஊரில்தான் ஒருத்தர் இருக்கிறார், வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் ஜனங்கள் இவளுக்கே போன் செய்தார்கள். இவளும் போனிலேயே வைத்தியம் பார்த்தாள்.

"அறைய விட்டு வெளிய வாங்க. கதவ சாத்துங்க. கீழ ஈரத்துண்டு வைங்க. மண்வெட்டிய கீழ போடுங்க. இல்லன்னு சொல்லாதீங்க, உங்க கையிலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பாவமாக இருக்கும். ஆனாலும் கொக்கியை எடுத்துக் கொடுக்க நான் என்ன பைத்தியமா?

இப்படியே ஜனவரி வந்தது, பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு அதுதான் உச்சக் கோடை. பள்ளி விடுமுறை. அன்றைக்குக் காலையிலிருந்தே வடக்குக் காற்று அடுப்பைத் திறந்துவைத்த மாதிரி வீசியது. எங்கும் நெருப்பு மூட்டக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். அறுவடை இயந்திரங்கள் நிறுத்தப்பட்டு நின்றன. அந்த மாதிரி நாட்களில் எங்கள் குழு நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. உள்ளே இருக்கை கொதிக்காமல் இருக்கட்டும் என்று அதன் கதவுகளைத் திறந்துபோட்டு நிழலில் நிறுத்தி வைப்போம், அது எங்கள் பழக்கம். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் சொட்டுச் சொட்டாக ஒரு கசிவு. சரிசெய்யணும், சரிசெய்யணும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஊரே காய்ந்து கிடக்கையில் எங்கள் வண்டிக்கு அடியில் மட்டும் ஈரம்.

டாரில்தான் பார்த்தான். எங்கள் குழுவில் வாய் ஓயாதவன் அவன். "டெஸ், உன் பொண்டாட்டியோட சொந்தக்காரன் ஒருத்தன் வண்டில ஏறிட்டான்யா" என்றான். சிரித்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். டிரைவர் பக்கத்துப் படிக்கட்டில் பழுப்பு வால் ஒன்று, அவசரமே இல்லாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தது.

குழுத் தலைவர் கோலின் பெரிய ஊர்க்காரருக்குப் போன் போட்டார். வருகிறேன், ஆனால் நேரமாகும் என்றார் அவர். போனை வைத்ததும் கோலின் தன் பூட்ஸைப் பார்த்தார், டாரில் கூரையைப் பார்த்தான்.

"என்னப் பார்க்காதீங்கடா. அவள கூப்பிட மாட்டேன்" என்றேன்.

"யாரும் கேக்கலையேப்பா" என்றார் கோலின்.

"உங்க மூஞ்சி கேக்குது."

டாரில் நீளக் குச்சி ஒன்றை விட்டு இருக்கைக்கு அடியில் துழாவினான். எங்கோ உள்ளே ஏதோ உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது. இதைவிட மோசமான நிலைமை உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். அப்போது பேஜர் அலறியது.

ஆட்டரி அம்மாள் பண்ணைக்குப் பின்னால் புல்லில் தீ. அந்தக் காற்றில் புல்தீ குதிரை வேகத்தில் ஓடும். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பிக்கப் வண்டியில் சின்னத் தொட்டியை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், ஆனால் அதை வைத்து எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள்? வீட்டில் அந்த அம்மாள் தனியாக.

நோலீனைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாள். வராமல் இருக்கமாட்டாள். அதுதான் என் கஷ்டமே. கையில் போன் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினேன். கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் திணித்தேன். வண்டியில் ஏறினேன்.

"டேய், உனக்கு என்ன ஆச்சு?" என்று கோலின் கத்தினார்.

"ஏறுறீங்களா, இல்ல நான் மட்டும் போகவா?"

டாரில் வழக்கம்போல வண்டியின் பின்மேடையில் ஏறிக்கொண்டான். அன்றைக்கு அந்த இடம் அவனுக்குச் சொர்க்கமாக இருந்திருக்கும். கோலின் என் பக்கத்தில் ஏறி, அறுபத்தெட்டு வயது மனிதர், இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் வைத்துக் குந்திக்கொண்டு ரேடியோவைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த வசதி இல்லை. டிரைவருக்குக் கால் கீழேதான் இருக்க வேண்டும்.

சாலை எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. என் உயிர் முழுக்கக் கணுக்காலில் இருந்தது. ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் இடது காலில் ஏதோ பட்டது. மெதுவாக, கனமாக. ரேடியோ வயராக இருக்கலாம். டாரில் போட்டுவைத்த கையுறையாக இருக்கலாம். நான் குனிந்து பார்க்கவில்லை. கிளட்ச்சை மிதிக்க அந்தக் காலைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை. மிச்சத் தூரம் முழுக்க மூன்றாவது கியரிலேயே, வண்டி அழ அழ, ஓட்டிக்கொண்டு போனேன்.

"கியர மாத்துடா!" என்றார் கோலின்.

"நீங்க வந்து மாத்துங்க!" என்றேன்.

தீயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வண்டி நின்றதும் நானும் கோலினும் குதித்த குதியில் இளவட்டங்கள் தோற்றிருப்பார்கள். ஆட்டரி அம்மாளின் வேலி வரைக்கும் வந்த தீயைப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து மடக்கினோம். வீடு தப்பியது, வைக்கோல் கொட்டகை போனது. கிழக்கு ஓரத்தில் மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குமேல் காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசும் என்று ரேடியோவில் சொன்னார்கள். திரும்பினால் அந்த ஓரம் முழுக்க ஒரே தீவரிசையாக எழுந்து ஓட ஆரம்பிக்கும். நிலையத்துக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, காற்று திரும்புவதற்குள் நாங்கள் திரும்பி வந்தாக வேண்டும்.

பாம்பு இறங்கினதை யாரும் பார்க்கவில்லை. திரும்பும்போதும் அப்படியே, கிளம்ப மிதித்ததோடு சரி, அதற்குப் பிறகு கிளட்ச்சைத் தொடவில்லை.

நிலைய வாசலில் நோலீன் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தீயணைப்பு ரேடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், கோலின் கத்தினதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்த சாமான்கள் எல்லாம் இருந்தன. நான் அதைப் பார்த்ததும் வாயைத் திறந்தேன்.

"பேசாத. உட்காரு. கால நீட்டு" என்றாள்.

பூட்ஸைக் கழற்றினாள், சாக்ஸை உருவினாள். குழுவில் எல்லோரும் பார்க்க, என் இரண்டு கணுக்காலையும் விரலால் தடவித் தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடிச்சா எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாது. பழுப்போட பல்லு பொடி முள்ளு மாதிரி. எத்தன தடவ சொல்லியிருக்கேன், என்னிக்காவது காதுல வாங்கினியா?"

ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவள் காலை விடவில்லை.

"நீ சாகப்போறேன்னு நினைச்சேன். இங்க நின்னுகிட்டு, அந்தப் பாழாப்போன ரேடியோவக் கேட்டுகிட்டு... டெஸ், நான் போறப்ப எல்லாம் நீ இப்படித்தான் இருந்தியா?"

"ஆமா."

"இத்தன வருஷமா?"

"ஆமாடி."

"கடவுளே" என்று சொல்லிவிட்டு என் காலுக்குச் சாக்ஸை அவளே மாட்டிவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோலின் வந்து பெரிய ஊர்க்காரர் புகையால் மூடப்பட்ட சாலையில் மாட்டிக்கொண்டார் என்றார். தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. "இந்தத் தடவ நான் ஓட்டுறேன்" என்று டாரில் சொன்னான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவன் முகம் சாம்பலாக இருந்தது, தீயணைத்ததால் அல்ல.

நோலீன் என்னைப் பார்த்தாள். "நான் வாக்கு குடுத்திருக்கேன். நீ சொன்னாத்தான்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! அவள் பாட்டுக்குப் போயிருந்தால் கத்தியிருப்பேன், தடுத்திருப்பேன், பழியை அவள்மேல் போட்டிருப்பேன். இப்போது என் வாயிலிருந்து வர வேண்டும். அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தவன் நான். காலுக்கடியில் அதை வைத்துக்கொண்டு கிளட்ச்சை மிதிக்கப் பயந்தவன் நான். அடுத்து ஒருவனை அங்கே உட்கார் என்று எப்படிச் சொல்வேன்? ஓட்டுகிற வேகத்தில் அவன் காலை உதறினால் வண்டியோடு பள்ளத்தில் போய் விழுவார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது.

கடைசியில், "எடு" என்றேன்.

இரண்டு ஊசியையும் என் சட்டைப் பையில் வைத்தாள். தடித்த தோல் கையுறை மாட்டினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். பயணி பக்கத்துக் கதவு வழியாக ஏறி, வண்டித் தரையோடு தரையாகப் படுத்து, டார்ச் அடித்தாள்.

"இருக்கு. பெடலுக்குப் பின்னாடி, வயரோட வயரா சுத்திகிட்டு இருக்கு. பெரிய பொண்ணு. என்னம்மா, பயந்துட்டியா? இந்தக் கிழவன் ஓட்டினா யாருதான் பயப்பட மாட்டாங்க?"

டாரில்கூடச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்குமா என்று நான் அளந்துகொண்டிருந்தேன்.

குழாயின் ஒரு முனையில் பையைக் கட்டி, மறு முனையைப் பெடலுக்குப் பக்கத்து இடுக்கில் வைத்தாள். பாம்புக்கு இருட்டுப் பொந்து வேண்டும், அவ்வளவுதான், இழுக்கவும் வேண்டாம் அடிக்கவும் வேண்டாம் என்று சொல்வாள். கொக்கியால் பின்னாலிருந்து மெதுவாக ஒரு தொடுதல். காத்திருந்தாள். இன்னொரு தொடுதல். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வண்டியின் அடியில் தொட்டித் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு குழாய்க்குள் சரசரவென்று ஒரு சத்தம். பை கனத்துத் தொங்கியது. நோலீன் பையின் வாயை முறுக்கினாள், முடிச்சுப் போட்டாள், மறுபடி ஒரு முடிச்சு. முடிச்சுப் போடக் கையுறையைக் கழற்றியிருந்தாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

நான் மூச்சை விட்டேன். அவள் பையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். எங்கள் வண்டியின் படி உயரம். இறங்குகிற அசைவில் பை ஊசலாடி அவளுடைய மறு மணிக்கட்டில் லேசாகப் பட்டுத் திரும்பியது.

"ச்சே" என்றாள். முட்டை ஒன்றைக் கீழே போட்டுவிட்ட மாதிரி, அவ்வளவு மெல்ல.

அடுத்து அவள் செய்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஓடி வரவில்லை. கத்தவில்லை. பையை நிழலில் பதமாக இறக்கி வைத்தாள். கூடக் கொண்டுவந்திருந்த பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்தினாள். பிறகுதான் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, "டெஸ், ஊசி" என்றாள்.

துணிக்கு ஊடாகக் கடித்திருக்கிறது. மணிக்கட்டில் ஒரு சின்னக் கீறல், அதில் ஒரு பொட்டு ரத்தம். நான் அவள் தொடையில் ஊசியைக் குத்தினேன். கோலின் அவள் கையில் விரல் முதல் தோள்வரை இறுக்கிக் கட்டுப்போட்டார். அதற்குள் உதடு வீங்க ஆரம்பித்துவிட்டது. என் பெயரைச் சொல்ல முயன்றாள், வரவில்லை. நெஞ்சு மேலும் கீழும் போனது, காற்று உள்ளே போகவில்லை. ஆம்புலன்ஸ் வருகிறது வருகிறது என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது அவள் கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. விரலை நீட்டினாள். திரும்பினேன். டாரில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

"டாரில், அத கீழ போடு" என்றேன்.

"டெஸ், அது உன் பொண்டாட்டிய..."

"கீழ போடுன்னு சொன்னேன்! அவளால பேச முடியல, அவளுக்காக நான் சொல்றேன். அவ பார்த்துகிட்டு இருக்கா, போடுடா!"

போட்டான். இரண்டாவது ஊசியையும் குத்தினேன். நோலீன் கண்ணை மூடினாள்.

காற்று திரும்பியது. கோலினும் டாரிலும் அந்த வண்டியில் கிழக்கு ஓரத்துக்குப் போய்த் தீயை நிறுத்தினார்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் சுற்றுவழியில் போன ஆம்புலன்ஸில் இருந்தேன். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைத்தார்கள், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று ஒரு கையெழுத்தும் வாங்கினார்கள். என்னிடம் யாரும் பிழைப்பாள் என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எடு என்று சொன்ன வாய் என்னுடையது. அதை நினைத்து நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். கண் திறந்தாள். முகம் இன்னும் வீங்கி, அடையாளமே தெரியவில்லை. நான் குனிந்து காதை வைத்தேன். என்னைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன், நான் ஒரு முட்டாள்.

"பை?" என்றாள்.

"ஸ்டேஷன்லதான் இருக்கு. நிழல்ல. பெட்டிக்குள்ள."

"போய் விடு. பிடிச்ச இடத்துப் பக்கத்துலயே விடணும். ஓடையில."

"கோலின்கிட்ட சொல்றேன்."

"நீ."

"நோலீன், நான் போனா மண்வெட்டியோடதான் போவேன். சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டாள்.

போனேன். மண்வெட்டியையும் பிக்கப்பில் போட்டுக்கொண்டுதான் போனேன், அதை மறைக்க மாட்டேன். ஓடைக்கரையில் தைல மரங்களுக்கு அடியில் பெட்டியை இறக்கி வைத்தேன். சுற்றிலும் ஒரு ஆளும் இல்லை. பைக்குமேல் ஒரே ஒரு வெட்டு. விட்டுவிட்டேன் என்று வந்து சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

கொக்கியால் பையைப் பெட்டியிலிருந்து தூக்கித் தரையில் வைத்தேன். முடிச்சை எட்டி நின்று அவிழ்க்க முடியவில்லை, கிட்டத்தில் போய்த்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. தோல் கையுறையோடு, கண்ணை இடுக்கிக்கொண்டு, அவள் போட்ட இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. பின்னால் ஓடிவந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நின்றேன்.

பை அசையவில்லை.

காத்திருந்தேன். கொக்கியால் பையின் அடியை உயர்த்தினேன். ஒன்றும் இல்லை. நேற்று அந்த அனலில், நிலையத்துச் சூட்டில், ராத்திரி முழுக்கக் கட்டின பைக்குள்... செத்துப்போயிருந்தால்? என் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவளிடம் போய் என்ன சொல்வேன்? அவள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோதும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவியைக் கொல்லப் பார்த்த அந்தச் சனியன் உயிரோடு இருக்க வேண்டும் என்று, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சார வேண்டிக்கொண்டேன். "வாம்மா. வெளிய வா. தயவு பண்ணி வா" என்று பாம்பிடம் கெஞ்சினேன். யாராவது பார்த்திருந்தால் என்னையும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள்.

பையின் வாயில் துணி நெளிந்தது. தலை வந்தது. காற்றை முகர்ந்துகொண்டு ஒரு நொடி நின்றது. பிறகு அந்த முழு நீளமும், நான் நினைத்ததைவிட நீளம், பையிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் போய் மறைந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்தபோது நோலீன் விழித்திருந்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"நல்லா போச்சா? உடம்ப இழுத்துகிட்டு போகல இல்ல?"

"ஓடுச்சு. தண்ணிப் பக்கமா. என்னத் திரும்பிக்கூடப் பார்க்கல."

சிரிக்கப் பார்த்தாள், உதடு இடம் கொடுக்கவில்லை. கட்டுப்போடாத கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ரொம்ப பயந்துட்டேன் டெஸ்" என்றாள். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

"இனிமே போகாத" என்றேன்.

"நான் போகமாட்டேன்னு உன்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ சொல்லு. என்ன போகச் சொல்ல மாட்டேன்னு நீ சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றேன். "யாரு உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்."

அப்படிச் சொல்லும்போது எனக்கு, முந்தின நாள் நான் எடு என்று சொல்லியிருக்காவிட்டால் அந்த இருக்கையில் ஏறியிருக்கக்கூடிய டாரிலின் சாம்பல் முகம் கண்ணில் வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். சட்டையை அவள் விடவில்லை, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.